புறவாசல் பேச்சு

ஆடியில் கொட்டும் கர்க்கடக மழை ஒரு பகல் ஓய்ந்தால் போதும், கொச்சிக் குளக்கரை முழுக்க வெள்ளையாகிவிடும். மட்டாஞ்சேரி சேட்டு வீட்டு வேட்டிகள், ஆஸ்பத்திரி விரிப்புகள், லாட்ஜ் தலையணை உறைகள், கொங்கணி வீட்டம்மாக்கள் கோவிலுக்குக் கட்டும் சேலைகள் எல்லாம் கொடியேறும். கொடிக்குக் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கி, முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். காற்று இழுக்க இழுக்க முறுக்கு இறுகும்.

அப்படி ஒரு வெயில் நாளில்தான் வீரபாண்டி துவைக்கிற கல்லடியில் விழுந்தார். நனைந்த விரிப்பைத் தலைக்கு மேல் தூக்கியவர் அதைக் கல்லில் அடிக்கவில்லை. தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்று, விரிப்போடு தண்ணீரில் சரிந்தார். அவர் மனைவி ஆவுடையம்மாள் வெள்ளாவிப் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். துணி கல்லில் விழும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து ‘ஹுஸ்’ என்று ஒரு மூச்சு வரும். அந்த மூச்சு நின்றதை வைத்துத்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் உயிர் தங்கியது. வலது கை தொங்கிப் போயிற்று. கால் கொஞ்சம் இழுத்தது. பேச்சு வரப் பல நாள் ஆயிற்று. வந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாளைப் பார்த்துத்தான் அவர் வாய் திறந்தார்.

“அம்மே, கொறச்சு வெள்ளம் தருவோ?”

அம்மா, கொஞ்சம் தண்ணீர் தருவீர்களா என்று அர்த்தம். ஆவுடையம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் யாரும் நிற்கவில்லை.

“என்னையா கேக்கீங்க?”

“புத்திமுட்டாணெங்கில் வேண்டா” என்றார் வீரபாண்டி. சிரமமென்றால் வேண்டாம்.

அவள் தண்ணீரைக் கொடுத்தாள். பாதி சிந்தியது.

முப்பது வருஷமாக அவர் அவளிடம் தண்ணீர் கேட்டது இரண்டே சொல்லில். “ஏளா, தண்ணி.” சோற்றுக்கும் அதே கணக்கு. “ஏளா, சோறு.” அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. ஆனால் அவர் தமிழில் ‘தருவியா’ என்று ஒன்று கிடையாது.

வீரபாண்டி மலையாளம் பேசுவதில் அதிசயமில்லை. அந்தக் குளக்கரையில் எல்லோரும் பேசுவார்கள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து துணி வெளுக்கக் கூட்டிவரப்பட்ட குடும்பங்கள் அவை. துணி எடுக்கப் போகிற வீடுகளில் மலையாளம், பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் மலையாளம். தமிழ் இருந்தது வீட்டுக்குள்ளும் மாரியம்மன் கோவில் முன்னால் கூடும் கூட்டத்திலும்தான். கூட்டத்தில் அதைக் காத்தவர் வீரபாண்டி. அம்மன் விளக்கு முன்னால் தமிழ்தான் பேச வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். வாய் தவறி ஒரு மலையாளச் சொல் விழுந்தால் விளக்குக்கு ஒரு கரண்டி எண்ணெய். இளவட்டங்கள் முணுமுணுத்தபோது அவர் ஒரு தடவை காரணம் சொன்னார். பகல் முழுக்க நாலு வீட்டுப் புறவாசலில் நின்று குனிந்து பேசுகிறோம். ஒரு இடத்திலாவது நிமிர்ந்து பேச வேண்டாமா என்றார். அதற்குமேல் எண்ணெய் ஒழுங்காக வந்தது.

அப்படிச் சொன்ன வாயில்தான் இப்போது மலையாளம் தவிர ஒன்றும் இல்லை.

டாக்டர் சொன்னதை மகள் கங்கா வீட்டில் வந்து விளக்கினாள். கங்காவுக்குப் பத்தொன்பது வயது. மலையாளப் பத்திரிகையை மூச்சுவிடாமல் படிப்பாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.

“தலைக்குள்ள ரெண்டு பெட்டி இருக்காம்மா. ஒண்ணு தமிழ், ஒண்ணு மலையாளம். தமிழ்ப் பெட்டியோட சாவிதான் காணல. பெட்டி அங்கதான் இருக்கு.”

“சாவி கிடைக்குமா?”

“கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்னு சொன்னாரு.”

பெட்டிக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஆவுடையம்மாளுக்கு ஆசை வந்தது. துணி காயாத மழை நாட்களில், கப்பைக் கிழங்கை வேகவைத்துவிட்டு அவர் முன்னால் ஒவ்வொரு சாமானாக எடுத்து வைத்தாள். வெங்காயத்தைக் காட்டினாள். “உள்ளி” என்றார். பூனையைக் காட்டினாள். “பூச்ச” என்றார். உப்பைக் காட்டியபோது “உப்பு” என்றார். அவள் மகளைப் பார்த்தாள்.

“கங்கா, இது நம்ம உப்பா, அவங்க உப்பா?”

“ரெண்டு பேருக்கும் ஒரே உப்புதான்.”

“அப்ப இதுல தெரியாது.” உப்பை எடுத்து உள்ளே வைத்தாள்.

அவள் தமிழில் பேசினால் அவருக்குப் புரியாமல் இல்லை. தலையாட்டுவார். பதில் மட்டும் மற்றப் பெட்டியிலிருந்து வரும். கங்காவுக்கு இதில் ஒரு லாபம் இருந்தது. அப்பாவிடம் பேசப் பயந்து கதவோரம் நிற்கிற பெண், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக் காட்டினாள். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். அடுத்த வீட்டுச் சிரிப்பைக் கேட்பது போல ஆவுடையம்மாள் அடுப்படியிலிருந்து காது கொடுத்தாள். அந்த மனிதருக்குச் சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழும் என்பதை மறந்தே போயிருந்தாள்.

துணி எடுக்கிற வீடுகளுக்கு இப்போது அவள்தான் போக வேண்டியிருந்தது. அவள் பிறந்த ஊர் சங்கரன்கோவில். கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தபின்னும் குளக்கரை, அடுப்படி, கோவில் என்றே இருந்துவிட்டதால் மீன்காரியிடம் பேசுகிற அளவு மலையாளம்தான் அவளுக்கு. முதலில் போனது மட்டாஞ்சேரி அரண்மனைப் பக்கத்து சந்தில் அம்மிணியின் வீடு. அம்மிணி பள்ளிக்கூடத்து டீச்சர். தலையில் மூட்டையோடு ஆவுடையம்மாள் புறவாசலில் நின்றாள். கிணற்றடியில் ஒரு படிக்கல், அதன் பக்கத்தில் கைபட்டு வழுவழுப்பான ஒரு தூண். எங்கே உட்கார வேண்டும் என்று அம்மிணி சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்த இடம் தெரிந்தது.

அம்மிணி பால் விடாத கட்டன் சாயா கொடுத்தாள். வீரனுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தன் புருஷனுக்கு வீரன் என்று ஒரு பெயர் இருப்பது ஆவுடையம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“எத்தர பாவம் மனுஷனாணு” என்றாள் அம்மிணி. எவ்வளவு சாது மனிதர்.

சாதுவா என்று ஆவுடையம்மாள் கேட்டேவிட்டாள். அம்மிணிக்கு அவளுடைய தமிழ் பாதி புரிந்தது, இவளுக்கு அவளுடைய மலையாளம் பாதி புரிந்தது. அந்தப் பாதியும் இந்தப் பாதியும் சேர்ந்து கிடைத்தது இது: அம்மிணிக்குத் தலைவலி என்றால் வீரன் மூட்டையை மெல்ல இறக்குவார். அவள் பிள்ளை பரீட்சையில் தோற்றபோது அந்தப் படிக்கல்லில் உட்கார்ந்து அரை மணி நேரம் அவளைச் சமாதானப்படுத்தினார். சேலையின் கஞ்சியை யாராவது புகழ்ந்தால், அது தன் வீட்டுக்காரியின் கை, கொச்சியில் வேறு யாருக்கும் அப்படி வராது என்பார். ஒவ்வொரு வாரமும் சொல்வார்.

ஆவுடையம்மாள் சாயாவை ஊதிக்கொண்டிருந்தாள். ஆறிப்போன சாயாவை எதற்கு ஊதுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மிளகு கிட்டங்கியின் இறவாரத்தில் ஒதுங்கினாள். தன் கஞ்சியைப் பற்றி அவர் தமிழில் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. கட்டியாக இருந்தால் “கட்டி” என்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். மெச்சின பேச்செல்லாம் எங்கோ ஒரு புறவாசலில் முப்பது வருஷமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கோபப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்று மழை விடுகிறவரை யோசித்தாள். பசிதான் வந்தது.

ஓணம் நெருங்கும்போது பிச்சை வந்தார். வீரபாண்டிக்கு அடுத்தபடி கூட்டத்தை நடத்துகிறவர். உறவில் தம்பி முறை. நான்கு சாத்துக்குடியை வைத்துவிட்டு, உள்ளே தூங்குகிறவரை எட்டிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். குளத்தைத் தூர்க்கப் போகிறார்கள். பதிலுக்கு சர்க்கார் சிமிண்டுத் தொட்டிகளோடு புதிய துறை கட்டி முடித்துவிட்டது. யாருக்கு எந்தத் தொட்டி, எந்தக் கல் என்பதைக் கூட்டமே பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை கல் கேட்பு. வீட்டுத் தலைக்கட்டு அம்மன் விளக்கு முன்னால் நின்று, தன் வாயால் கேட்க வேண்டும். கேட்ட வீட்டுக்குக் கல். கேட்காத வீடு இன்னொருத்தர் கல்லில் கூலிக்கு அடிக்க வேண்டியதுதான்.

“தமிழ்ல கேக்கணும்” என்றாள் ஆவுடையம்மாள்.

“அண்ணாச்சி வச்ச சட்டம் மதினி. நானா வச்சேன்?” பிச்சை துண்டால் முகத்தைத் துடைத்தார். “எனக்கு வயித்தெரிச்சல் இல்லேன்னு சொன்னா அம்மன் கண்ணைக் குத்தும். பாதி வருசம் அந்த விளக்கு என் வீட்டு எண்ணெயிலதான் எரிஞ்சது. என் மவன் பிறந்ததச் சொல்ல ஓடிவந்தேன். ‘ஆண்குட்டி’ன்னு வாயில வந்துட்டு. அதுக்கும் ஒரு கரண்டி வாங்கினாரு.”

“அதுக்காவ?”

“அதுக்காவ ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டு மவன் உள்ளவங்க ரெண்டு கல்லு கேக்காங்க. ஒரு கல்லு மிஞ்சாதான்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு வரி, மதினி. ஒரே ஒரு வரி அண்ணாச்சியச் சொல்ல வச்சிருங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

அன்றிலிருந்து வீட்டில் பாடம் தொடங்கியது. ‘எங்க வீட்டுக்கு ஒரு கல்லு வேணும்.’ ஆவுடையம்மாள் சொல்வாள், அவர் உதட்டைப் பார்ப்பார், வியர்ப்பார்.

“ஞங்ஙட வீட்டிலேக்கு ஒரு கல்லு வேணம்.”

“எங்க.”

“ஞங்ஙட.”

“கல்லும் வீடும் வந்தாச்சும்மா” என்றாள் கங்கா. “முன்னால உள்ளதுதான் மாட்டேங்குது.”

“கல்லும் வீடும் உப்பு மாதிரி. அதுல தெரியாது.”

இப்படியே நாள் போயிற்று. அவர் சலித்துக்கொள்ளவில்லை என்பதுதான் அவளுக்கு வியப்பு. பழைய வீரபாண்டியாக இருந்தால் மூன்றாம் தடவை எழுந்து போயிருப்பார். இவர் தவறும்போதெல்லாம் “க்ஷமிக்கணே அம்மே” என்றார். பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா. அவள் பெண்டாட்டி, அம்மா இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். தலையாட்டினார். அடுத்த வேளை மறுபடி அம்மேதான். துணி எடுக்கிற வீட்டுப் பெண்களைக் கூப்பிடுகிற சொல் அது. புறவாசலில் கற்ற பேச்சில் மனைவிக்கு ஒரு சொல் இருந்திருக்காது.

தினமும் சாயங்காலம் அவள் கோவிலுக்குப் போய், அவர் தமிழைத் திருப்பிக் கொடு என்று அம்மனிடம் கேட்டாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். “வந்நோ? க்ஷீணிச்சோ?” என்பார் அவர். வந்தாயிற்றா, களைத்துப்போனீர்களா. அம்மனிடம் கொஞ்சம் மெதுவாகவே கேட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும். உடனே பயம் வரும். கல் இல்லாவிட்டால் சோறு இல்லை. வெள்ளாவிப் பானையைத் தூக்கிக்கொண்டு யார் வாசலில் நிற்பது?

வெள்ளிக்கிழமை வந்தது. வரி வரவில்லை.

கோவில் முன்னால் பாய் விரித்திருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் அவரவர் வெளுத்த வெள்ளையில், மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில். ஒவ்வொரு தலைக்கட்டாக எழுந்து நின்று கேட்டார்கள். மிடுக்காகக் கேட்டார்கள். இரண்டு பேர் வாய் தவறி எண்ணெய் விட்டார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது.

பிச்சை கூப்பிட்டார். வீரபாண்டி கங்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு விளக்கு முன்னால் வந்தார். கங்கா விலகினாள். அவர் விளக்கைப் பார்த்தார். பிறகு வரிசை வரிசையாக வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, இடது கையால் செத்த வலது கையை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டார். முதுகு வளைந்தது. தலை தாழ்ந்தது.

“ஒரு கல்லு கிட்டியா வலிய உபகாரம்” என்றார். “இல்லெங்கிலும் சாரமில்லா. நிங்ஙளுக்குப் புத்திமுட்டாவருது.”

கிடைத்தால் பெரிய உதவி. இல்லையென்றாலும் பரவாயில்லை. உங்களுக்குச் சிரமமாகிவிடக் கூடாது.

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். யாரும் சேர்ந்துகொள்ளாததால் பாதியில் நிறுத்தினான். அந்தக் குனிவு அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அன்று காலைகூட ஒவ்வொருவரும் ஏதோ ஒரு புறவாசலில் அப்படித்தான் நின்றிருந்தார்கள். அது வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்பது மட்டும் அதுவரை தெரியாது.

பிச்சை எழுந்துவிட்டார். “அண்ணாச்சி, நிமிருங்க” என்றார்.  “எங்க முன்னால எதுக்குக் குனியுதீங்க. நிமிருங்க.”

வீரபாண்டி இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

இரண்டு மகன் உள்ள வீட்டுக்காரர் ஒருவர், வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் தமிழில் கேட்டால்தானே கேட்டதாகக் கணக்கு என்றார். அது யார் வைத்த கணக்கு என்றும் நினைவுபடுத்தினார். 

வேப்பமரத்தடியிலிருந்து ஆவுடையம்மாள் எழுந்து வந்தாள். கூட்டத்தில் பெண் எழுந்து பேசக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான். அவருக்குப் பக்கத்தில் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அவுக சொன்னது உங்க யாருக்கும் விளங்கல. நான் சொல்லுதேன்.”

“சொல்லுங்க மதினி” என்றார் பிச்சை.

அவளுக்குத் தன் குரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதனால் அவர் குரலை எடுத்துக்கொண்டாள்.

“கல்லு கேக்க நான் வரல. என் கல்லு எதுன்னு கேக்க வந்திருக்கேன். வெயில் முதல்ல விழுற பக்கம் பாத்து ஒண்ணு காட்டு. பேச்ச வளக்காத. வெள்ளாவி ஆறுது.”

 வயதான ஒருவர், “அவன்தான்யா” என்றார். “அப்படியே அவன்தான்.” கூட்டம் முழுக்கச் சிரித்தது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து வீரபாண்டியும் நிமிர்ந்து சிரித்தார். கன்னத்தில் குழி விழுந்தது. அவரிடம் அப்படி ஒன்று இருப்பதை அந்தக் கூட்டம் முதல் தடவையாகப் பார்த்தது.

“மதினி, அண்ணாச்சி இப்படியா சொன்னாரு?” பிச்சை கேட்டார்.

“முப்பது வருசமா கேட்டவளுக்குத் தெரியாதா?”

இரண்டு மகன் உள்ளவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் கை வைத்தார். ஆவுடையம்மாள் இடுப்பிலிருந்து ஒரு எண்ணெய்ப் புட்டியை எடுத்து நீட்டினாள். வரும்போதே கொண்டுவந்திருந்தாள்.

“எத்தனை கரண்டி?”

“யாரு எண்ணினா?” பிச்சை புட்டியை வாங்கினார். விளக்கு தளும்புகிற வரை ஊற்றினார். பாதிப் புட்டி மிச்சம் இருந்தது. மூடி அவள் கையிலேயே கொடுத்தார். “அண்ணாச்சி பேசினதுக்கு எண்ணெய். நீங்க பேசினதுக்குக் கல்லு. கிழக்கோரக் கல்லு.”

புதிய துறையில் தொட்டிக்குத் தொட்டி சுவர் வைத்திருந்தார்கள். பக்கத்தில் அடிக்கிறவர் முகம் தெரியாது. மூச்சு மட்டும் கேட்கும். ஒவ்வொருவர் மூச்சும் ஒவ்வொரு விதம். யார் இன்று வரவில்லை என்பதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடலாம். கிழக்கோரக் கல்லில் ஆவுடையம்மாள் அடித்தாள். கங்கா அலசினாள். வீரபாண்டி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, இடது கையால் நீலம் கலக்கினார். அவள் வாயிலிருந்து இப்போது ‘ஹுஸ்’ வந்தது. அது எந்தப் பெட்டி என்று அவள் யோசிக்கவில்லை.

மார்கழி பிறந்து, பனி விலகிய ஒரு காலையில் கங்கா துணி கொடுக்க அம்மிணி வீட்டுக்குப் போயிருந்தாள். ஆவுடையம்மாள் விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“ஏளா, தண்ணி.”

பிழிந்த கை அப்படியே நின்றது. முதுகுக்குப் பின்னால்தான். அதே குரல், அதே இரண்டு சொல். எத்தனை சாயங்காலம் இதற்காகக் கோவிலில் நின்றிருக்கிறாள்.  ஓடிப்போய்க் கங்காவிடம் சொல்ல வேண்டும், பிச்சையிடம் சொல்ல வேண்டும்.

அவள் திரும்பவில்லை.

விரிப்பை உதறினாள். மறுபடி முறுக்கினாள். சுவருக்கு அப்பால் யாரோ இரண்டு அடி அடித்தார்கள். இரண்டு மூச்சு கேட்டது.

பின்னால் அவர் தொண்டையைச் செருமினார். நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பாசி பிடித்த படியில் இறங்குகிறவரைப் போல, ஒரு சொல் வைத்து, நின்று, அடுத்த சொல் வைத்தார்.

“ஆவுடை... கொஞ்சம்... தண்ணி தருவியா?”

அப்படி ஒரு தமிழை அவள் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. விரிப்பைக் கல்லில் போட்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொம்பை எடுத்தாள்.

“தாரேன். புத்திமுட்டு ஒண்ணும் இல்ல” என்றாள்.

கூட்டத்தில் சொல்லியிருந்தால் ஒரு கரண்டி எண்ணெய் போயிருக்கும்.